கேத்தலில் மீந்த தண்ணீர்

வேனின் முன் சீட்டைத் தூக்கி நிறுத்திவிட்டு, டீசல் பில்டரில் ஒரு பழைய துவாயைச் சுற்றி, அதன் மேல் ஸகீனா கேத்தலிலிருந்து சுடுதண்ணீரைப் பதமாக ஊற்றினாள்.

அப்புத்தளையில் ஜனவரிக் குளிர். விடிகாலைச் சுபஹ் தொழுகைக்குப் பள்ளிக்குப் போன கணவர் மர்ஸூக் திரும்பி வருவதற்குள் காரியத்தை முடித்தாக வேண்டும்.

தொழுகைக்குமுன் கைகால் முகம் கழுவி வுழூ எடுக்கக் காய்ச்சியதில் மீந்த தண்ணீர்தான். வீண் செலவு என்று யாரும் சொல்ல முடியாது.

மர்ஸூக் வேனுக்கு டீசல் வாங்குவதை விட்டு வெகுகாலம் ஆகிறது. நாடே டீசலுக்கு வரிசையில் நின்றபோது, தன் ரோல்ஸ் கடையில் பொரித்து மிஞ்சிய எண்ணெயைக் காய்ச்சி, வடித்து, மருந்து கலந்து, தானே டீசல் செய்யப் பழகிக்கொண்டார். வேன் போகும் வழியெல்லாம் ரோல்ஸ் மணக்கும். ஊர் சிரித்தது. வேன் ஓடியது.

ஒரேயொரு குறை. குளிர் இறங்கினால் அந்த எண்ணெய் நெய் மாதிரி உறைந்து பில்டரை அடைத்துக்கொள்ளும். மர்ஸூக் மண்ணெண்ணெய் கலந்தார், கூட்டினார், குறைத்தார். எதற்கும் மசியவில்லை.

பிறகு ஒருநாள் விடிகாலையில், கை விறைக்கிற குளிரில், வேன் ஒரே அடியில் ஸ்டார்ட் ஆனது. சரியான அளவைக் கண்டுபிடித்துவிட்டதாக மர்ஸூக் டவுன் முழுக்கச் சொல்லித் திரிந்தார்.

அன்றுதான் ஸகீனா முதன்முதலாகச் சுடுதண்ணீர் ஊற்றியிருந்தாள்.

சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த முகத்தைப் பார்த்த பிறகு எந்தப் பெண்சாதிக்கு வாய் வரும்?

அன்றிலிருந்து குளிர்நாள் தவறாமல் ஊற்றுகிறாள். அவருக்கு ஒன்றும் தெரியாது. கடைச் சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே வீடெல்லாம் தேடுகிற மனுசன். போன மாரியில், இரண்டே பேர் இருக்கிற வீட்டுக்கு, கல்யாண வீட்டுக்குப் போதுமான ஒரு பெரிய கேத்தலை வாங்கி வந்தார். வெளிக் கேட்டடியில் நின்ற வேனைச் சமையல் குசினி வாசலோடு ஒட்டி நிறுத்தத் தொடங்கினார். ஏன் என்று கேட்டால், சும்மாதான் என்பார். இதெல்லாம் அவருடைய குணம்.

விடிகாலைக் குளிர் மட்டும் அவர் நெஞ்சுக்கு ஒத்துக்கொள்வதில்லை. பள்ளியிலிருந்து வரும்போது பாதை வளைவில் ஊரே எழும்பும்படி இருமுவார். ஸகீனாவுக்கு அது நல்ல வசதி. இருமல் கேட்டதும் துவாயை உருவி, சீட்டை மூடிவிட்டுக் குசினிக்குள் புகுந்துவிடுவாள். பாவம் என்று தினமும் கொத்தமல்லியும் இஞ்சியும் அவித்து, சீனி போடாமல் ஒரு கோப்பை நிறையக் கொடுப்பாள். முகத்தைச் சுளித்துக்கொண்டே குடிப்பார்.

இந்தச் சந்தோசத்தில் நேற்றுத்தான் மண் விழுந்தது.

மர்ஸூக்கின் மூத்த சகோதரர் அலவி நானா பண்டாரவளையில் ஸ்கூல் வேன் ஓட்டுகிறார். தம்பியின் டீசலை ஆசையாக வாங்கி ஊற்றினார். காலையில் வேன் அசையவில்லை. பிள்ளைகள் ரோட்டில் நின்றார்கள், தாய்மார் ஏசினார்கள். பண்டாரவளையை விட அப்புத்தளை குளிர். அந்தக் குளிரில் ஓடுவது பண்டாரவளையில் ஏன் ஓடாது? நல்லதைத் தனக்கு வைத்துக்கொண்டு கழிவை நானாவுக்குத் தந்துவிட்டாய் என்று போனில் கத்தினார். இனி உன் வாசல்படி மிதிக்க மாட்டேன் என்று வைத்துவிட்டார்.

மர்ஸூக் இரவுச் சாப்பாட்டைத் தொடவில்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் முற்றத்தில் நின்றார்.

அதைப் பார்த்த பிறகு எப்படிச் சும்மா இருப்பது? ஸகீனா கேத்தலைக் கீழே வைத்துவிட்டு, அலவி நானாவின் மனைவி ஸஜீதாவுக்குப் போனில் கோல் எடுத்தாள். குரலைத் தாழ்த்தி, சுடுதண்ணீர் விசயத்தை ஒன்று விடாமல் சொன்னாள். ஆண்கள் இரண்டு பேரிடமும் மூச்சுவிடக் கூடாது என்றும் சொன்னாள்.

மறுபக்கம் ஸஜீதா சிரிக்கத் தொடங்கினாள்.

"ராவே தம்பி கோல் எடுத்துச் சொல்லிட்டாரு, ஸகீனா. இப்பதான் நானும் ஊத்தினேன், வேன் ஒரே அடியில ஸ்டார்ட் ஆயிட்டு, இவரு தம்பிட்ட மாப்புக் கேக்கணும்னு நிக்கிறாரு. 'என்னைய ஏமாத்துறதா நெனச்சி அவ சந்தோசமா இருக்கா மதினி, எனக்குத் தெரியும்னு மட்டும் சொல்லிராதீங்க'ன்னாரு. நான் சொல்லிட்டேனே."

ஸகீனா கல்யாண வீட்டுக் கேத்தலைப் பார்த்தாள். குசினி வாசலோடு ஒட்டி நிற்கிற வேனைப் பார்த்தாள். வெட்கமாக இருந்தது. அதைவிடக் கூடுதலாகச் சந்தோசமாக இருந்தது.

பாதை வளைவில் இருமல் கேட்டது.

இந்த முறை அவள் ஓடவில்லை. சுவரோரம் எட்டிப் பார்த்தாள். மர்ஸூக் வளைவிலேயே நின்றுகொண்டிருந்தார். இருமிவிட்டு, தொப்பியைச் சரிசெய்துகொண்டு, வீட்டுப் பக்கம் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றார். நெஞ்சில் சளியும் இல்லை, ஒன்றும் இல்லை.

ஸகீனா துவாயை உருவிவிட்டு, சீட்டைச் சத்தமாக மூடினாள். அதன் பிறகுதான் அவர் நடந்து வந்தார்.

அடுப்பில் கொத்தமல்லி அவிந்துகொண்டிருந்தது. அதை இறக்கி வைத்துவிட்டு, பால் தேத்தண்ணி ஊற்றி, சீனியைக் கொஞ்சம் கூடவே போட்டுக் கொடுத்தாள்.

மர்ஸூக் கோப்பையைப் பார்த்தார். ஸகீனாவைப் பார்த்தார். பிறகு, எதற்கும் இருக்கட்டும் என்று, இன்னொரு தடவை இருமிப் பார்த்தார்.

"ஆறப்போகுது, குடிங்க" என்றாள் அவள்.