முழு வாய்ச் சலுகை

கதிரேசனுக்கு வலித்தது ஒரு கடைவாய்ப் பல்தான். மற்றவை கரும்பையே கடித்து உரிக்கும். பல் பிடுங்கும் இயந்திரத்தை வீட்டுக்கு வரவழைக்கச் செல்போனில் ஆர்டர் போட்டபோது, ‘நான்கு பற்களுக்குப் பத்து சதவீதம் தள்ளுபடி, பத்துக்கு முப்பது, முழு வாய்க்கும் பாதி விலை, கூடவே கைமுறுக்கு இலவசம்’ என்றது திரை.

“ஒத்தப் பல்லுக்குப் போயி யாராவது முழு விலை குடுப்பாங்களா?” என்றாள் மனைவி செண்பகவல்லி. கதிரேசனுக்கும் அது நியாயமாகவே பட்டது.

மாலையில் அவர் பொக்கை வாயோடு உட்கார்ந்திருக்க, அவள் முறுக்கைக் கடித்தபடி, “நல்லா மொறுமொறுன்னு இருக்குங்க” என்றாள்.

அவர் செல்போனை எடுத்து அதே கடையில் பல்செட் தேடினார். ஒரு செட்டுக்கு முழு விலை. தம்பதியாக வாங்கினால் இரண்டாவது செட் இலவசம்.

கதிரேசன் நிதானமாக நிமிர்ந்து மனைவியின் வாயைப் பார்த்தார். அவள் மெல்லுவதை நிறுத்தினாள்.