கைப்பட எழுதியது

"'மனசு சரியில்லையா, உடனே வாங்க'ன்னு ரோட்ல போர்டு வெச்சிகினு, வந்த எங்க அக்காவ ஏன் சார் தொரத்தினீங்க?"

திருவேங்கடத்தின் சட்டையில் இன்னும் கடல்மணல் ஒட்டியிருந்தது. அன்று விடிகாலையில்தான் திருவிடந்தைக் கரையில் அக்காவின் உடல் ஒதுங்கியிருந்தது.

மனநல மையத்து டாக்டர் சுப்புராமன் பொறுமையாகப் பேசினார்.

"யாரும் துரத்தலைப்பா. கூச்சப்படாம வரட்டும்னு இங்க பேர்கூடக் கேக்கறதில்லை, டோக்கன் மட்டும்தான். யாரையும் கட்டாயப்படுத்திச் சேர்க்கறதும் இல்லை. நீ ஏன் கூட இருக்கலை?"

"ஷேர் ஆட்டோ ஓட்டணும் சார். 'எங்க கோடு போட்டு காலியா கீதோ அங்க கையெழுத்து போட்டுட்டு குந்திகினு இரு, சாயங்காலம் வரேன்'னு சொல்லிட்டுப் போனேன்."

டாக்டர் பதினேழாம் நம்பர் டோக்கனுக்கான படிவத்தை எடுத்து அவன் முன்னால் வைத்தார்.

"நர்ஸ் எவ்வளவோ கேட்டும் அவங்க வாயே திறக்கலை. எழுதித்தான் குடுத்தாங்க. 'இங்கே தங்கிச் சிகிச்சை பெற விருப்பமா?'ன்னு போட்டிருக்கு, பார். கீழே கோட்டுல உங்க அக்காவே கைப்பட பதில் எழுதியிருக்காங்க. கடைசி எழுத்து விட்டுப்போயிருக்கு, ஆனா புரியுதே. அதான் வீட்டுக்கு அனுப்பிட்டாங்க."

கோணல் மாணலாக ஒரே ஒரு வார்த்தை இருந்தது.

'வேண்டா.'

திருவேங்கடம் அதை விரலால் தடவிப் பார்த்தான்.

"அவளுக்கு எழுதத் தெரிஞ்சதே இது ஒண்ணுதான் சார். நாலாவதும் பொண்ணாப் பூட்ச்சேன்னு எங்க நைனா அவளுக்கு வெச்ச பேரு. அதுக்கப்புறந்தான் நான் பொறந்தேன்."