தாழ்ப்பாள் இல்லாத கதவு

வாட்ச்மேன் கேபின் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. மகாதேவன் முதுகைக் கொடுத்து அதை அழுத்திக்கொண்டு நின்றார். வெளியே அந்தப் பழுப்பு நாய் உறுமிக்கொண்டு முட்டியது. உள்ளே, மூன்றாம் மாடி ஜோஷி அம்மாளின் மடியில் அவளுடைய பொமரேனியன் மோத்தி நடுங்கியது. அதன் காதில் ரத்தம்.

“பைட் ஜா! சல், ஹட்!” மதில்மேல் ஏறிக்கொண்ட வாட்ச்மேன், ‘உட்காரு, போ’ என்று இந்தியிலும் மராத்தியிலும் மாறி மாறிக் கத்தினான். நாய் சட்டை செய்யவில்லை.

“கழுத்துல பட்டை கட்டின தடம் இருக்கு, பாத்தீங்களா? வளர்த்துட்டுத் தெருவுல விட்டிருக்கான் ஒரு படுபாவி!” ஜோஷி அம்மாள் இந்தியில் பொரிந்தாள். “வாடகைக்கு வர்றவங்க நாய் வச்சுக்கக் கூடாதுன்னு ரூல் போட்டதே இதுக்குத்தான். அவனை ஜெயில்ல தள்ளணும். என்ன சொல்றீங்க, மகாதேவன்ஜி?”

“தள்ளணும், தள்ளணும்.”

போன மாதம்தான் புனேயின் ஹடப்சர் பகுதியிலிருந்து இந்தக் குடியிருப்புக்கு வாடகைக்கு வந்திருந்த மகாதேவன், கர்சீப்பால் வாயைப் பொத்திக்கொண்டே தாழ்ந்த குரலில் சொன்னார்.

அடுத்த முட்டில் கதவு அவரைத் தள்ளித் திறந்தது. உள்ளே பாய்ந்த நாய் மோத்தியின் கழுத்தைக் கவ்வியது. ஜோஷி அம்மாள் வீறிட்டாள்.

மகாதேவனுக்கு வீடு, ரூல் எல்லாம் மறந்துபோனது.

“டேய், விடுடா! உட்காரு!”

நாய் வாயைத் திறந்தது. மோத்தி முனகிக்கொண்டே மடியில் விழுந்தது. நாய் மகாதேவனின் காலடியில் உட்கார்ந்து, வாலை ஆட்டி, அவருடைய செருப்பை நக்க ஆரம்பித்தது.

ஜோஷி அம்மாள் நாயைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

“புனே தெருநாய்க்கு மதராஸி பாஷை எப்படித் தெரியும், மகாதேவன்ஜி?”