கோச்சிங் சென்டரில் இடமில்லை

கார் நிக்கோபார் தீவிலிருந்து கப்பலேறி வந்த ரூத், மகள் ஹன்னாவுடன் டெய்ரி ஃபார்ம் என்ற பகுதியிலுள்ள நீட் கோச்சிங் சென்டருக்குள் நுழைந்தாள்.

சென்டர் நடத்தும் அன்பழகன், அவள் நீட்டிய ஹன்னாவின் மார்க் ஷீட்டைத் தொடவே இல்லை. முகத்தைப் பார்த்தே மார்க் போடும் வித்தை அவருக்குத் தெரியும்.

"அரே, சீட் எல்லாம் ஃபுல்மா."

"பாதி பெஞ்ச் காலியா இருக்கே சார்?" பஜாரில் பழகிய தமிழில் கேட்டாள் ரூத்.

"உங்க ஆளுங்களுக்கு பிசிக்ஸ் எல்லாம் வராதும்மா. ஃபுட்பால்ல சேர்த்து விடுங்க. மத்த பேரண்ட்ஸும் ஒரு மாதிரி பார்ப்பாங்க."

ஹன்னா தலைகுனிந்தாள். ரூத் வாசல் பக்கம் கை காட்டினாள்.

"அப்போ வாசல் பேனர்ல இருக்கற நிக்கோபாரிப் பொண்ணு?"

அன்பழகனின் முகம் மலர்ந்தது. "அவளா! இப்ப டாக்டருக்குப் படிக்கிறா. நான் உருவாக்கின பொண்ணு!"

"அவ என் மூத்த பொண்ணு சார். போன வருஷம் அவளையும் இதையே சொல்லித்தான் திருப்பி அனுப்புனீங்க. வீட்டுலயே படிச்சு பாஸ் பண்ணா."

அன்பழகன் கொஞ்சமும் அசரவில்லை.

"பாத்தீங்களா! அப்ப இவளும் வீட்டுலயே படிக்கட்டும். ரிசல்ட் வந்ததும் நல்ல போட்டோவா ஒண்ணு அனுப்பிடுங்க. போன தடவை பேப்பர்லேருந்து எடுத்தது, மங்கலா விழுந்துடுச்சு."