ஹென்னிங்கின் ஒரு மணி நேரம்
அன்று பனி உருகிக்கொண்டிருந்ததா, மழை தூறியதா என்று எனக்குச் சரியாக நினைவில்லை. பனிநாட்டு நகரமான வெஸ்டெரோஸில் எங்கள் குடியிருப்பின் மாடிப்படியில் பையுடன் நிற்கிறேன். எதிர்வீட்டு மாலின் தன் முன்னாள் கணவன் ஹென்னிங்கை வாசலிலேயே மறித்திருக்கிறாள். மகள் தூவா அவன் விரலை விடவில்லை. படிச் சன்னலில் வெளிச்சம் இன்னும் மஞ்சளாக நிற்கிறது. “ஞாயித்துக்கிழமை ஆறு மணிக்குப் பிள்ளையக் கொண்டாந்து விடணும்னுதானே பேச்சு? இப்ப ஏழு!” என்கிறாள் மாலின். “என் மின்னடுப்புல இருக்கிற கடிகாரத்துல ஆறுதான்.” “வருஷா வருஷம் மார்ச்சுல செய்யற மாதிரி நேத்து ராத்திரி கடிகாரத்த ஒரு மணி முன்னால தள்ளினது ஊருக்கே தெரியும். உனக்கு மட்டும் தெரியாதாக்கும்!” “தெரியும். அக்டோபர்ல கடிகாரத்தப் பின்னால தள்ளிக் கூடின மணி, பிள்ள உன்கிட்ட இருந்த வாரத்துல வந்துச்சு, வாய மூடிக்கிட்டு வச்சுக்கிட்ட. குறையற மணி மட்டும் என் தலையிலயா?” மாலின் பிள்ளையை இழுத்துக் கதவை அறைகிறாள். சின்னக் கையுறை ஒன்று அவன் கையோடு வந்துவிடுகிறது.

அடுத்த ஆண்டு ஹென்னிங் வடக்கே சுரங்க வேலைக்குப் போய்விட்டான். மாலின் மறுமணம் செய்துகொண்டு ஊர் மாறினாள். இப்போது வளர்ந்துவிட்ட தூவா அதே எதிர்வீட்டுக்குத் திரும்பி வந்து தனியாக இருக்கிறாள். மார்ச்சில் தன் அடுப்புக் கடிகாரத்தை அவள் முன்னே தள்ளுவதில்லை.