ஓநாய் மேல் ஒட்டிய சீட்டு

வெளியே பாலாடைக்கட்டி பொரிக்கிறார்கள். கண்காட்சிக் கொட்டகை முழுக்க எண்ணெய் வாசம். வால்நட் மரப் பலகையில் மார்லிஸ் அறுத்தெடுத்த ஓநாய் முகத்தின் மேல் கைவேலைப் போட்டி நடுவரான வெர்லின், ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறான்: லேசர் வேலை, சேராது. மார்லிஸின் காது சிவக்கிறது. முந்நூறு துளை, துளைக்குத் துளை மயிரிழை ரம்ப அலகைக் கழற்றி, துளையில் நுழைத்து, திரும்ப மாட்டி அறுத்த ஓநாய். "கையால இவ்வளவு நுணுக்கமா யாரு அறுப்பா மார்லிஸ்?" என்கிறான். "நான் அறுப்பேன். குளிர்காலம் பூரா அறுத்தேன். உனக்கு மூக்கு இருக்குல்ல? லேசர் பட்டா மரம் கருகும். மோந்து பாரு." முகர்கிறான். வெறும் மர வாசம்தான். மெல்லச் சீட்டைப் பிய்க்கிறான். "அப்படியே பக்கத்துல இருக்கிறதையும் மோந்து பாரு" என்கிறாள். முதல் பரிசு நீல நாடாவோடு நிற்கும் மரக் கழுகின் இறகில் மூக்கை வைக்கிறான். நிமிரும்போது அவன் மூக்கு நுனியில் கரி.