மூன்றாவது ஆறு

இரண்டு ஆறுகள் கூடுமிடத்தில் நகரம் நிறுவிய பழைய கிரேக்கத் தலைவனை எந்திரத்தில் உயிர்ப்பித்து, தமிழும் கற்றுக்கொடுத்து, அந்நகரத்தின் ஆற்றங்கரை இடிபாடுகளின் நடுவே நிறுத்தியிருந்தார்கள். பொய் பேசத் தெரியாத சனியன். இன்னொரு புளுகை அவன் காட்டிக்கொடுத்தால் வழிகாட்டி பூங்கோதைக்கு வேலை போய்விடும்.

பவானியிலிருந்து சுற்றுலா வந்த செல்லாத்தாள் இடுப்பளவு நீரில் நின்றுகொண்டு கேட்டார்: "ஏங்கண்ணு, எங்கூரு மாதிரி கூடுதுறைன்னா கண்ணுக்குத் தெரியாம மூணாவதா ஒரு ஆறு இருக்கோணுமே?"

"பூமிக்கடியில ஓடுதுங்கம்மா." பதினோரு வருடப் பழக்கத்தில் பூங்கோதையின் வாய் முந்திக்கொண்டது.

"அது என் காலத்துச் சாக்கடை," என்றான் தலைவன். "இன்னும் இங்கேதான் கலக்கிறது."

பூங்கோதை கண்ணை மூடிக்கொண்டாள்.

"பாத்தீங்களா, மூணாவது இருக்குது! புள்ள சரியாத்தான் சொல்லுச்சு!" என்று கூட்டத்தைப் பார்த்துக் கத்திவிட்டு, செல்லாத்தாள் மூக்கைப் பிடித்துக்கொண்டு முங்கினார்.